ஓய்விலிருந்த அவுட்போர்டு எஞ்சின் ஓடத் தொடங்கி நின்றுவிடுவது ஏன்?

படகின் பின்பலகையில் திருகுப்பிடிகளால் பொருத்தி, வேண்டும்போது கழற்றி எடுத்துச் செல்லத்தக்க எஞ்சினை அவுட்போர்டு எஞ்சின் என்கிறோம். எஞ்சின், அதன் விசையைக் கீழே கொண்டுசெல்லும் தண்டு, நீரைத் தள்ளும் புரொப்பெல்லர் ஆகிய மூன்றும் ஒரே அமைப்பாக இணைந்திருப்பது இதன் சிறப்பு. கண்ணாடியிழைப் படகுகளில் கடலுக்குச் செல்லும் மீனவர்களும், வெள்ளக் காலத்தில் மக்களை மீட்கச் செல்லும் பணியாளர்களும் இதனையே நம்பியிருக்கின்றனர்.

இவ்வெஞ்சின்கள் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுவதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், 61 நாட்களுக்கு மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. அக்காலத்திலும், புயல் மழை மிகுந்த மாதங்களிலும் படகுகள் பல கரையேறிவிடுகின்றன. வெள்ள மீட்புக்கென வைக்கப்பட்ட படகுகளோ, ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலம் வரும்வரை கொட்டகையிலேயே கிடக்கின்றன.

இவ்வாறு ஓய்விலிருந்த எஞ்சினை வெளியே எடுத்துக் கயிற்றை இழுத்தால், அது பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும். ஓரிரு நிமிடங்களில் தயங்கி நின்றுவிடும். மீண்டும் இழுத்தால் மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். அறவே ஓடாத எஞ்சினைவிட இத்தகைய எஞ்சின் அபாயமானது. ஓடாத எஞ்சின் படகைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறது. ஓடி நிற்கும் எஞ்சினோ, படகை அலை உடையும் இடத்திற்கோ வெள்ளத்தின் நடுவிற்கோ கொண்டுசென்ற பின்னரே கைவிடுகிறது. ஆகவே, எஞ்சின் ஓடத் தொடங்கியது என்பதை அது பழுதற்றது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. இக்குறை எதனால் உண்டாகிறது, அதனை எவ்வரிசையில் ஆராய்ந்து கண்டறிவது என்பதை இங்கே காண்போம்.

தொடங்குவதும் தொடர்வதும்

எந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கும் எரிபொருள், காற்று, உரிய நேரத்தில் தீப்பொறி, வெப்பத்தை அகற்றும் குளிர்ச்சி ஆகிய நான்கும் வேண்டும். ஓடத் தொடங்குவதற்கு இவை சிறிதளவு இருந்தாலே போதும். கார்புரேட்டரின் மிதவை அறையில் ஏற்கெனவே தேங்கியுள்ள எரிபொருளைக் கொண்டு எஞ்சின் ஓரிரு நிமிடங்கள் ஓடிவிடும். சோக் மூடியிருக்கும்போது காற்று குறைந்து எரிபொருள் மிகுதியாக இழுக்கப்படுவதால், ஓரளவு அடைபட்ட துளைகூட அப்பொழுது தன் குறையைக் காட்டாது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலும் குளிர்ந்திருக்கையில் சரியாக வேலை செய்யக்கூடும்.

தொடர்ந்து ஓடுவதற்கோ, தொட்டியிலிருந்து எரிபொருள் இடைவிடாது வந்துகொண்டிருக்க வேண்டும். காற்றும் பெட்ரோலும் உரிய விகிதத்தில் கலக்க வேண்டும். சூடேறிய பின்னும் தீப்பொறி தவறாது பாய வேண்டும். குளிர்நீர் சுழன்று வர வேண்டும். எனவே, எஞ்சின் எப்பொழுது நின்றது என்பதே நமக்குக் கிடைக்கும் முதல் தடயமாகும். சோக்கைத் திறந்தவுடன் நின்றதா? ஐந்து அல்லது பத்து நிமிடங்கள் ஓடிய பின் நின்றதா? வேகத்தைக் கூட்டியபோது நின்றதா? சூடான பின் நின்று, ஆறிய பின் மீண்டும் ஓடியதா? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே திருப்புளியைக் கையில் எடுத்தல் வேண்டும்.

கிடங்கில் பெட்ரோலுக்கு நேர்வது

ஓய்விலிருந்த எஞ்சின்களில் இக்குறைக்கு மிகப் பெரும்பாலும் காரணமாயிருப்பது பழைய எரிபொருளே. பெட்ரோல் தனியொரு பொருள் அன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் வெளியேறிவிடுகின்றன. எஞ்சியிருப்பது எளிதில் தீப்பற்றாத கனமான பகுதி. அதிலுள்ள சில சேர்மங்கள் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசின் போன்ற பொருளாக மாறி, மிதவை அறையிலும் ஜெட் எனப்படும் நுண்துளைகளிலும் படிகின்றன.

இப்படிவு எவ்வளவு மெல்லியதாயினும் தீங்கு பெரிது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது எரிபொருள் தரும் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் குறுக்களவு உடையது எனக் கொள்வோம். அதன் உட்சுவரில் 0.05 மில்லிமீட்டர், அஃதாவது மயிரிழைக்கு மேற்படாத தடிமனில், பிசின் படிந்தால் துளையின் குறுக்களவு 0.4 மில்லிமீட்டராகக் குறையும். பரப்பு குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அது முன்னிருந்ததில் 64 விழுக்காடாகிவிடும். ஒரு மயிரிழைப் படிவு மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட எரிபொருளைத் தடுத்துவிடுகிறது! ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். எரிபொருள் இவ்வளவு குறைந்தால் கலவை தீப்பற்றாது போவதில் வியப்பில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோலில் மற்றொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு 2022ஆம் ஆண்டில் 10 விழுக்காட்டையும், 2025ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. பாதி நிரம்பிய தொட்டியில், ஈரமான கடற்காற்று உள்ளே சென்றுவர, எத்தனால் அந்நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. ஓர் அளவு வரையில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அவ்வளவு கடந்ததும் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலினின்றும் பிரிந்து அடியில் தங்கிவிடுகின்றன. தொட்டியின் உறிஞ்சுகுழாய் அடியிலிருந்தே எரிபொருளை எடுப்பதால், எஞ்சினுக்கு முதலில் செல்வது இந்த நீர்க்கலவைதான். எத்தனாலுக்கு ஏற்றதல்லாத பழைய ரப்பர்க் குழாய்கள் ஊறி வெடிப்பதும் உண்டு.

சோதனைக்கு முன்

எஞ்சினை நீரின்றி ஒரு நிமிடமும் ஓட்டலாகாது. நீர்ப் பம்பினுள் உள்ள ரப்பர் இதழ்ச் சக்கரம் உலர்ந்து சுழன்றால் விரைவில் சிதைந்துவிடும். பெரிய பீப்பாயில் நீரை நிரப்பி, நீர் உறிஞ்சும் துளைகள் நன்கு மூழ்குமாறு எஞ்சினை நிறுத்தவேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மெதுவான வேகத்தில் மட்டுமே ஓட்டுக. புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு இருப்பதால் சோதனை திறந்த வெளியில் நடைபெறவேண்டும். அருகில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. நிறுத்துவிசையோடு இணைக்கும் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி சரியாகப் பொருந்தியுள்ளதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்க. அது தளர்ந்திருந்தாலும் எஞ்சின் ஓடி நிற்கும்.

பழைய பெட்ரோலில் சிறிது எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வைக்கவேண்டும். அடியில் தனிப் படலம் தெரிந்தாலும், நிறம் கறுத்திருந்தாலும், வார்னிஷ் போன்ற புளித்த நெடி வீசினாலும் அது எஞ்சினுக்கு உதவாது. தெளிவாய்த் தோன்றுவதால் மட்டும் அதனை நல்லதெனக் கருதிவிடவும் கூடாது.

முதல் சோதனை: தனித் தொட்டி

சுத்தமான ஒரு சிறு தொட்டியில் புதிய பெட்ரோலை எடுத்துக்கொள்க. இரண்டு வீச்சு எஞ்சினாயின் உரிய எண்ணெயை அதில் கலத்தல் வேண்டும். 50க்கு 1 என்ற விகிதம் குறிக்கப்பட்டிருப்பின், லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் ஆகும். எஞ்சினுக்கு எஞ்சின் இவ்விகிதம் மாறுபடுவதால் கையேட்டில் கண்டதே முடிவானது. இத்தொட்டியை நல்லதொரு தனிக் குழாயால் எஞ்சினோடு இணைத்து ஓட்டிப் பார்க்கவேண்டும்.

இந்த ஒரே சோதனை ஆராயவேண்டிய பரப்பைப் பாதியாக்கிவிடுகிறது. எஞ்சின் இப்பொழுது நிற்காமல் ஓடினால் குறை பழைய தொட்டியிலோ, குழாயிலோ, எரிபொருளிலோ உள்ளது. அப்பொழுதும் நின்றால் குறை எஞ்சினுக்குள் உள்ளது. ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பது விஞ்ஞான ஆராய்ச்சியின் அடிப்படை விதி. எஞ்சின் பழுது பார்ப்பதிலும் அதுவே விதி. ஒரே வேளையில் பிளக்கையும் மாற்றி, பில்டரையும் மாற்றி, திருகுகளையும் திருகிவிட்டால், எஞ்சின் ஓடினாலும் காரணம் தெரியாது. அது மறுமுறை நிற்கும்போது எங்கே தேடுவது என்றும் தெரியாது.

அறிகுறிகளும் காரணங்களும்

1. ஐந்து அல்லது பத்து நிமிடங்கள் நன்றாக ஓடி நின்றால்: தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளையைப் பாருங்கள். அது மூடியிருந்தால், எரிபொருள் வெளியேற வெளியேறத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, மேற்கொண்டு பெட்ரோல் வராது தடைப்படும். மூடியைத் தளர்த்தும்போது காற்று உட்புகும் சீற்றொலி கேட்டால் காரணம் இதுவே.

2. குழாயின் நடுவிலுள்ள ரப்பர் பல்பை எஞ்சின் நிற்கும் தறுவாயில் தொட்டுப் பார்த்தல் மிகவும் பயனுடையது. அது சப்பையாகி ஒட்டியிருந்தால் அடைப்பு தொட்டியின் பக்கம் உள்ளது: காற்றுத் துளையோ, உறிஞ்சுகுழாயின் வலையோ, மடிந்த குழாயோ காரணமாகலாம். அது தளர்ந்து மென்மையாயிருந்தால், இணைப்புகளின் வழியே காற்று உட்புகுகிறது அல்லது எஞ்சினின் பம்ப் வலுவிழந்துள்ளது. பல்பு கெட்டியாகவே இருந்தும் எஞ்சின் நின்றால், பெட்ரோல் அதுவரை வந்துவிட்டது. குறை அதற்கப்பால் பில்டரிலோ, கார்புரேட்டரிலோ, தீப்பொறியிலோ உள்ளது.

3. பல்பை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும்வரை எஞ்சின் ஓடி, அழுத்துவதை விட்டதும் நின்றால்: எரிபொருள் பம்பின் சவ்வு விறைத்தோ கிழிந்தோ இருக்கலாம். கையின் விசை அதன் வேலையைச் செய்கிறது என்பதே இதன் பொருள். எனினும், குழாயில் காற்றுக் கசிவு இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்க.

4. சோக்கைச் சிறிது மூடினால் ஓடி, திறந்தால் நின்றால்: கலவையில் எரிபொருள் குறைவு. மெது ஓட்ட ஜெட் அடைபட்டிருத்தலே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

5. மெதுவாக ஓடுகையில் சீராயிருந்து, வேகத்தைக் கூட்டும்போது மூச்சு முட்டி நின்றால்: பெரிய ஜெட்டிலோ, பில்டரிலோ, பம்பிலோ குறை உள்ளது. மெது ஓட்டத்திற்குப் போதுமான எரிபொருள் முழு வேகத்திற்குப் போதவில்லை என்பதே காரணம்.

6. சூடான பின் நின்று, ஆறிய பின் எளிதில் ஓடினால்: தீப்பொறி தரும் காயிலையும் குளிர்நீர் ஓட்டத்தையும் ஐயுற வேண்டும். நின்ற உடனே தீப்பொறி மறைந்து, ஆறிய பின் திரும்பினால் காயிலே குற்றவாளி.

சோக்கை இழுத்து வைத்துக்கொண்டோ பல்பை அழுத்திக்கொண்டோ எப்படியாவது கடலுக்குப் போய்விடலாம் என்று கருதுவோர் உண்டு. இது பெருந்தவறு. இரண்டு வீச்சு எஞ்சினில் மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உட்செல்கிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது, வெப்பமோ மிகுகிறது. அந்நிலையில் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் உருளையோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். சில ரூபாய்ச் செலவில் தீரவேண்டிய குறை எஞ்சினையே பலிகொண்டுவிடும்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்தல்

குறை கார்புரேட்டரில்தான் என்று தெளிந்தபின் அதனைக் கழற்றலாம். குழாய்களும் கம்பிகளும் எங்கெங்கே இணைந்திருந்தன என்பதை முன்னரே படம் எடுத்தோ வரைந்தோ வைத்துக்கொள்க. கலவைத் திருகைக் கழற்றுமுன், அதனை மென்மையாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியைத் தொடுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளவேண்டும். திரும்பப் பொருத்தும்போது அதே அளவிற்கு வெளியே திருகுதல் வேண்டும்.

மிதவை அறையைத் திறந்ததும் பச்சை அல்லது பழுப்பு நிறப் படிவைக் காணலாம். ஜெட்டுகளைக் கழற்றிக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதிவிடுக. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். ஜெட்டை ஒளிக்கு எதிரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரியவேண்டும். எஃகுக் கம்பியையோ ஊசியையோ துளையில் செலுத்தலாகாது. பித்தளை மென்மையானது, துளை சற்றே பெரிதானாலும் கலவையின் விகிதம் நிலையாகக் கெட்டுவிடும். ஜெட்டுகளை மட்டும் கழுவி, உட்புறக் கால்வாய்களை விட்டுவிடுவது மற்றொரு பிழை. அவற்றிலும் கிளீனரைச் செலுத்தி, அது மறுமுனையில் வெளிவருவதைப் பார்த்து உறுதி செய்தல் வேண்டும். ஊசி வால்வின் முனை தேய்ந்திருந்தாலோ, மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருந்தாலோ, காஸ்கட்டுகள் கிழிந்திருந்தாலோ மாற்றிவிடுக.

மின்னணு முறையில் எரிபொருள் பீய்ச்சும் புதிய நான்கு வீச்சு எஞ்சின்களில் கார்புரேட்டர் இல்லை. அவற்றில் புதிய பெட்ரோல், பில்டர், காற்றுத் துளை ஆகியவற்றை நாமே பார்க்கலாம். உயர் அழுத்தக் குழாய்களைப் பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் கழற்றலாகாது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள்

கேரளம் முதலிய கடற்கரைகளில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு எஞ்சின்கள் வழக்கிலுள்ளன. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாவதில்லை. ஆகையால் இவ்வெஞ்சின்கள் பெட்ரோலில் தொடங்கப்பட்டு, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகின்றன. சூடேறுமுன் மாற்றினால் எஞ்சின் நின்றுவிடும். அவ்வாறே, நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டவேண்டும். இதனைச் செய்யாது நிறுத்தினால் மிதவை அறையில் மண்ணெண்ணெய் தங்கி, மறுமுறை குளிர்ந்த எஞ்சின் ஓடித் தொடர மறுக்கும். இத்தகைய எஞ்சினில் வேறு குறையைத் தேடுமுன் மிதவை அறையின் வடிதிருகைத் திறந்து, உள்ளிருப்பதை வடித்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

தீப்பொறியும் குளிர்நீரும்

எரிபொருள் வழி முழுவதும் சீராயிருந்தும் எஞ்சின் நின்றால், பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு உருளை எஞ்சினில் ஒரு பிளக் உலர்ந்து பழுப்பாகவும், மற்றது பெட்ரோலில் நனைந்து கறுத்தும் இருந்தால், இரண்டாம் உருளை வேலை செய்யவில்லை. இரண்டும் வெளுத்து உலர்ந்திருந்தால் எரிபொருள் குறைவையோ மிகுந்த வெப்பத்தையோ அது காட்டுகிறது. உப்புக்காற்றில் பச்சை பூத்த மின் இணைப்புகளைச் சுத்தம் செய்து இறுக்குவதாலேயே பல எஞ்சின்கள் குணமடைகின்றன.

ஓடும்போது எஞ்சினின் பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை ஒன்று வெளிவரவேண்டும். அது வரவில்லையெனில் உடனே நிறுத்துக. கொட்டகையில் கிடந்த எஞ்சின்களில் அத்துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதும், உப்பு இறுகி அடைத்திருப்பதும் உண்டு. துளை திறந்திருந்தும் நீர் வராவிடில், பம்பின் ரப்பர் இதழ்கள் நெடுநாள் ஒரே நிலையில் வளைந்து கிடந்து வலுவிழந்திருக்கும். புதிய இதழ்ச் சக்கரம் பொருத்தவேண்டும். வெப்பம் மிகும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் எஞ்சின்களும் உண்டாகையால், இக்குறையை எரிபொருள் குறையென்று மயங்குதல் எளிது.

இறுதிச் சோதனை

பீப்பாயில் எஞ்சின் நன்றாக ஓடுவது பாதிச் சான்றே. புரொப்பெல்லர் நீரைத் தள்ளிப் படகை நகர்த்தும்போதுதான் எஞ்சினின் மீது முழுச் சுமை ஏறுகிறது. எனவே, கரையருகே அமைதியான நீரில், துடுப்பும் கயிறும் உயிர்காப்பு உடையும் உடன்கொண்டு, குறைந்தது அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்த்தல் வேண்டும். மெது ஓட்டம், நடுத்தர வேகம், முழு வேகம் ஆகிய மூன்றிலும் ஓட்டி, ஒருமுறை நிறுத்திச் சூடாயிருக்கும்போதே மீண்டும் தொடங்கிப் பார்க்கவேண்டும். இதில் தேறிய எஞ்சினையே நம்பிக் கடலுக்குச் செல்லலாம்.

ஓய்வுக்கு முன் செய்யவேண்டியவை

மேற்கூறிய தொல்லைகளுள் பெரும்பாலானவை, எஞ்சினைக் கிடங்கில் வைக்கும் நாளன்று ஒரு மணி நேரம் செலவிட்டால் தோன்றவே மாட்டா. முதலில், நன்னீரில் எஞ்சினை ஓட்டி உப்பைக் கழுவவேண்டும். பின்னர் எரிபொருள் குழாயைக் கழற்றி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடவேண்டும். அப்பொழுதும் மிதவை அறையில் சிறிது எஞ்சியிருக்குமாகையால், வடிதிருகைத் திறந்து வடித்துவிடுக. தொட்டியையும் காலி செய்து உலர்த்துக. பிளக்குகளைக் கழற்றி, உருளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுத்துப் பிளக்குகளை மீண்டும் பொருத்துக. கீழ்ப்பகுதியிலுள்ள கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. அதனைச் சீர் செய்தல் அவசியம். இறுதியாக, உள்நீர் முழுவதும் வடியுமாறு எஞ்சினை நிமிர்த்தி நிறுத்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கவேண்டும்.

மீட்புப் படகுகளின் நிலை வேறு. எந்த நாளில் அழைப்பு வரும் என்று அறிய இயலாதாகையால் அவற்றை நெடுங்காலம் ஓய்வில் விட்டுவைக்க முடியாது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று ஏராளமான மக்களை மீட்டனர். அவை தொழிலில் ஓடிப் பழகிய எஞ்சின்கள். ஓட்டியோர் அவற்றின் ஒலி மாற்றத்தையும் அறிந்தவர்கள். கொட்டகையில் காத்திருக்கும் படகுக்கும் அத்தகைய ஆயத்தநிலை வேண்டுமெனில், மாதம் ஒருமுறையேனும் புதிய பெட்ரோலில் நீர்நிலையில் ஓட்டிப் பார்த்து, பெட்ரோல் நிரப்பிய தேதி, ஓட்டிய நேரம், கண்ட குறை ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வைக்கவேண்டும். ஒவ்வோர் எஞ்சினுக்கும் மாற்றுப் பிளக், பில்டர், இதழ்ச் சக்கரம், நிறுத்துவிசைக் கொக்கி ஆகியவை ஒரு பெட்டியில் படகோடு இருத்தல் நலம்.

கூரைமேல் ஏறி நின்று படகை எதிர்நோக்கும் மக்களுக்கு, எஞ்சின் கரையில் ஓடியது என்பதால் யாதொரு பயனுமில்லை. அது அவர்களிடம் வந்து சேர்ந்து, அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பவும் வேண்டும். அதற்கான உறுதி வெள்ளம் வரும் நாளில் கிடைப்பதன்று; வானம் தெளிந்திருக்கும் மாதங்களில், பதிவேட்டில் வரிவரியாகச் சேர்த்து வைக்கப்படுவது.